சட்டை போட்ட விஷம்

அத்தியாயம் ஒன்பது

ஸ்பேனர் தன் சாவைக் குடித்தபோது அது இனிப்பாக இருந்தது. ஜில்லென்றும் இருந்தது. இன்னொரு மடக்கு இருந்தால் தேவலை என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

ஆனால் அவசரப்படக் கூடாது. அதற்கு முன்னால் அவன் சாப்பிட்ட மத்தியானச் சாப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். இந்த விவகாரத்தில் அந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

தொழிற்பேட்டைக்குத் திரும்பும் முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை. 'வயிறு நிறையும் வரை, ஒரே விலை' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். ஸ்பேனர் அதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டான். அவன் ஏப்பம் விட்டபடி வெளியே வந்தபோது கடைக்காரர் ஸ்டூல் மேல் ஏறி அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வயித்து மேல உனக்கு ஏதாவது விரோதமா?" காரில் ஏறியதும் அண்ணி கேட்டாள்.

"விசாரணைக்குப் போறோம் அண்ணி. முடிய எவ்வளவு நேரம் ஆகுமோ. ஒரு முன்னெச்சரிக்கைதான்."

"போறது ஆய்வுக்கூடத்துக்கு. பாலைவனத்துக்கு இல்லை."

அண்ணி என்றால் ஸ்பேனரின் அண்ணன் மனைவி. காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவள். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பலரை உயிரோடு கண்டுபிடித்துக் கொடுத்து, கம்பெனிக்கு லாபத்தையும் குடும்பங்களுக்குத் துக்கத்தையும் தேடித் தந்தவள். ஒரு தும்மலை வைத்தே திருடனைப் பிடித்திருக்கிறாள். தும்மியது திருடன்கூட இல்லை, அவன் ஒளிந்திருந்த பீரோ என்று ஸ்பேனர் சத்தியம் செய்வான். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ஊரே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். இன்ஸ்பெக்டரும் அப்படித்தான். அந்த உறவு எந்த வழியில் வந்தது என்று இன்ஸ்பெக்டரின் மனைவி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஸ்பேனர் முன்பு கார் மெக்கானிக். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. அதைத் தாங்க முடியாமல் வாடிக்கையாளர்கள் ஓடாத வண்டிகளைத் தள்ளிக்கொண்டே அடுத்த ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். நாற்பது வயதில் ஷெட்டை மூடிவிட்டு அண்ணிக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தான்.

"கேஸை ஒரு தடவை சொல்லு. காதால கேட்டா எங்க இடிக்குதுன்னு தெரியும்" என்றாள் அண்ணி.

ஸ்பேனர் கியரை மாற்றிக்கொண்டே சொன்னான். "பெரியவர், மருந்துக் கம்பெனி முதலாளி. காலையில ஆய்வுக்கூடத்துக்குப் போனார். மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தார். சாயங்காலம் எழுந்து, மருமகள் குடுத்த காபியைக் குடிச்சார். கப்பைக் கீழ வைக்கலை. அதோடவே சாய்ஞ்சுட்டார். ஒரு காட்டு விதையோட விஷமாம். ரத்தத்துல கலந்த உடனே நெஞ்சு நின்னுடும். ஆனா வேப்பெண்ணெயே கல்கண்டுன்னு தோணுற அளவுக்குக் கசக்குமாம். அவருக்குச் சர்க்கரை வியாதி, சர்க்கரை இல்லாத கட்டங்காபி. அந்தக் கசப்புல இந்தக் கசப்பைக் கலந்துட்டான்னு மருமகளைப் பிடிச்சு உள்ளே வச்சுட்டாங்க. புருஷன் கப்பல்ல எங்கயோ நடுக்கடல்ல. கைக்குழந்தை பக்கத்து வீட்டுல."

"கப்புல விஷம் இருந்துச்சா?"

"கப்பு தரையில விழுந்து, வீட்டுப் பூனை நக்கிட்டுப் போயிடுச்சு."

"பூனை?"

"நல்லா இருக்கு. நேத்து என்னைப் பார்த்துச் சீறிச்சு."

"அதைக் கோர்ட்ல சொல்ல வைக்க முடியாது. வேற?"

"அந்தப் பொண்ணு ஜெயில்ல நம்மகிட்ட அழுதுட்டே ஒண்ணு சொல்லுச்சே. பெரியவர் சாயுறதுக்குக் கொஞ்சம் முன்னால அவரோட தம்பி, சின்னவர், போன் பண்ணினார். 'அண்ணன் ஏதாவது குடிச்சாரா? யாரும்மா குடுத்தது?'ன்னு அக்கறையா விசாரிச்சார். இது ஒரு விஷயமா அண்ணி? எங்கண்ணன்கூடத்தான் தினமும் கேப்பார்."

"உங்கண்ணன் கேக்கிறது தனக்கு மிச்சம் இருக்கான்னு தெரிஞ்சுக்க" என்றாள் அண்ணி.

தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்தது அந்தக் கட்டடம். மரமில்லாத தெரு. ஜன்னல்களெல்லாம் ஒரே அளவில், ஒரே உயரத்தில், எல்லாம் மூடியே. உள்ளேயிருந்து ஒரு இயந்திரம் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. பெரியவர் செத்த அன்று போலீஸ் வைத்த பூட்டை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். கதவு இடுக்கில் அரக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆறாத புண் மாதிரி.

ஸ்பேனர் காரை விட நிழல் தேடி அலைந்து முடிப்பதற்குள் அண்ணி உள்ளே போய்விட்டுத் திரும்பியும் வந்திருந்தாள். நடையில் அவனை நிறுத்தி, காதருகே சொன்னாள்:

"உள்ளே ஒரு ஃபிரிட்ஜ் இருக்கு. கதவுத் தட்டுல சிவப்பு மூடி போட்ட பாட்டில். நான் தலையை ஆட்டினதும் தாகம்னு சொல்லி அதை எடு. எல்லார் கண்ணுலயும் படற மாதிரி குடி. ஏன்னு கேக்காதே."

"ஏன்னு கேக்கலை. என்னன்னு கேக்கலாமா?"

"இனிப்பா இருக்கும்."

"அப்ப கேக்கலை" என்றான் ஸ்பேனர்.

ஆய்வுக்கூடம் ஐஸ் கிடங்கு மாதிரி குளிர்ந்து கிடந்தது. எஃகு மேஜைகள். ஒரு கண்ணாடிக் குடுவை வெந்நீர்த் தொட்டிக்கு மேல் சாய்ந்தபடி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் உட்சுவரில் பனிமூட்டம் போல ஒரு கொழுப்புப் படலம். மூலையில் இரண்டு மூட்டைகள், ஒன்றில் இறால் ஓட்டுப் பொடி, இன்னொன்றில் கடற்பாசிப் பொடி. காய்ந்து போன கடலுக்கு ஒரு வாசனை இருக்குமானால் அது அங்கே இருந்தது.

அங்கே ஆராய்ச்சியை நடத்துபவளை எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். மெலிந்த உடம்பு, தலையில் வலைத்தொப்பி, கண்ணில் தூக்கமின்மை. தன் சரக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் அம்மா மாதிரி ஆகிவிடுவாள்.

"எங்க மருந்து ஒரு வேர்ச்சாறு. ரத்தத்துக்கு நல்லது. ஆனா வாயில வைக்க முடியாது, அப்படிக் கசக்கும். வயித்துப் புளிப்புல பாதி செத்தும் போயிடும். அதனால அதைக் கொழுப்புக் குமிழிக்குள்ள அடைக்கிறோம். லிப்போசோம்னு பேரு. கண்ணுக்கே தெரியாத குட்டிப் பை."

"பை கிழியாதா?" அண்ணி கேட்டாள்.

"கிழியும். அதான் மேல ரெண்டு சட்டை போடறோம். முதல் சட்டை இறால் ஓட்டுல எடுக்கிற கைட்டோசான். ரெண்டாவது கடற்பாசியில எடுக்கிற ஆல்ஜினேட். ஒண்ணுல கூட்டல் மின்சாரம், இன்னொண்ணுல கழித்தல். பார்த்த உடனே ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"கல்யாணமான புதுசுல எங்கண்ணன்கூட அப்படித்தான்" என்றான் ஸ்பேனர். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

"வயித்துல புளிப்பு இருக்கிற வரைக்கும் பாசிச் சட்டை இன்னும் இறுகிக்கும், அவிழாது. குடலுக்குப் போனா அங்க புளிப்பு கிடையாது. மெதுவாத் தளர்ந்து அவிழும். அப்புறம் பை உடைஞ்சு மருந்து வெளிய வரும். காலையில குடிச்சா சாயங்காலம் வேலை செய்யும்."

காலையில் குடித்தால் சாயங்காலம். அண்ணியின் புருவம் ஒரு நூலளவு ஏறி இறங்கியதை ஸ்பேனர் பார்த்தான். அவனுக்கு அது பசிக்கிறது என்பதற்கான அறிகுறியாகப் பட்டது.

"பை சரியா மூடியிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மெஷின் இருக்கு. ஆனா பெரியவர் மெஷினை நம்ப மாட்டார்." டாக்டரம்மா காலி டம்ளர் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "தினமும் காலையில ஒரு டம்ளர் வாங்கி முழுசாக் குடிப்பார். கண்ணை மூடிட்டு நிப்பார். நாங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுட்டு நிப்போம். 'கசப்பு இல்லை' அப்படின்னு சொன்னாத்தான் சரக்கு பாஸ். அதுல ஒரு பாட்டில் எடுத்துச் சிவப்பு மூடி போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சுடுவார். அவர் நாக்கு பார்க்காத சாம்பிளுக்கு வெள்ளை மூடி. எங்க எல்லாருக்கும் அதே பழக்கம்தான். கசந்தா பயப்படுவோம். கசக்கலைன்னா நிம்மதி."

"அவர் கடைசியா ருசி பார்த்த பாட்டில் எங்கே?"

"தெரியலை. போலீஸ் பூட்டைத் திறந்து பார்த்தப்ப சிவப்பு மூடியே ஒண்ணும் இல்லை."

அண்ணி லேசாகத் தலையை ஆட்டினாள்.

"தாகம்" என்றான் ஸ்பேனர், நாடகத்தில் ஒரே ஒரு வசனம் கிடைத்தவனின் உற்சாகத்தோடு. நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்தான். கதவுத் தட்டில் சிவப்பு மூடி பாட்டில் ஒன்று இருக்கத்தான் செய்தது. கண் மருந்துக் குப்பி அளவுக்கு இருந்தது. மேல் தட்டில், வரிசையின் பின்னால், வெள்ளை மூடி போட்டு முழங்கை உயரத்தில் இன்னொன்று, பால் நிறத்தில், வெளியெல்லாம் வியர்த்துக்கொண்டு நின்றது. இரண்டும் ஒரே சரக்குதானே? ஓசியில் கிடைப்பதில் சிறியதை எடுக்கும் வழக்கம் ஸ்பேனரின் பரம்பரையிலேயே கிடையாது.

அவன் வெள்ளை மூடியைத் திருகினான். மூடி சட்டைப் பைக்குள் போனது. சரக்கு தொண்டைக்குள் போனது. அண்ணியின் கண் அவன் கையைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, அது சாம்பிள்!" என்று டாக்டரம்மா ஓடி வந்து பாட்டிலைப் பிடுங்கியபோது பாதி காலி.

அதே நேரத்தில் இயந்திர அறையின் கதவு திறந்தது. சின்னவர் துணியில் கை துடைத்தபடி வந்தார். நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை, யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிக்கிற முகம். ஸ்பேனரைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பின.

பிறகு சிரித்தார்.

"விடும்மா. தாகத்துக்குக் குடிச்சிட்டார். அதுல என்ன இருக்கு. எப்படி இருந்துச்சு தம்பி?"

"தேன் மாதிரி சார்."

"கசப்பு?"

"துளிகூட இல்லை."

"அப்ப நல்ல சரக்கு" என்றார் சின்னவர். மிக மெதுவாகச் சொன்னார்.

சாப்பாட்டுக் கடை இப்போது ஸ்பேனரின் நெஞ்சுக்குள் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. அவன் வழக்கம் போலப் பையிலிருந்து நெஞ்செரிச்சல் மாத்திரைப் பட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினான். வாய்க்குக் கொண்டுபோன கையைச் சின்னவர் எட்டிப் பிடித்துவிட்டார்.

"இப்ப வேணாம் தம்பி."

"எரியுது சார்."

"சாப்பிட்ட உடனே போடக் கூடாது. உடம்புக்கு ஆகாது. வீட்டுக்குப் போங்க. நிம்மதியா உக்காந்து, காபி கீபி குடிச்சிட்டு, அப்புறமாப் போட்டுக்கங்க."

பெற்ற தகப்பன்கூட அவ்வளவு பரிவாகச் சொல்ல மாட்டான். ஸ்பேனருக்கு மனசு நெகிழ்ந்தது. ஆனால் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்த விரல்கள் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தன. அவர் விட்ட பிறகும் அந்தக் குளிர்ச்சி போக நேரம் பிடித்தது.

"வீட்டுல அப்போ யார் இருப்பாங்க?" என்று வேறு கேட்டார்.

"எங்கம்மா சார்."

"நல்லது" என்றார் சின்னவர்.

அண்ணி தன் போன் நம்பர் போட்ட கார்டைச் சின்னவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வாய் வைத்த சாம்பிள் இனி எதற்கும் உதவாது என்று டாக்டரம்மா மீதியைக் கழுவுத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கார் நெடுஞ்சாலையில் ஏறியதும்தான் அண்ணி வாயைத் திறந்தாள். குரலில் அப்படி ஒரு திருப்தி.

"ஆள் மாட்டிக்கிட்டான்."

"யாரு?"

"சின்னவர். யோசிச்சுப் பாரு. பெரியவர் குடிச்ச காலைச் சரக்குல வேர்ச்சாறு இல்லை. அந்த விதையோட விஷத்தைப் பைக்குள்ள அடைச்சு, ரெண்டு சட்டையும் போட்டு வச்சிருந்தாங்க. இனிச்சுது. கசப்பு இல்லைன்னு சந்தோஷமா முழு டம்ளரும் குடிச்சார். வயித்தைத் தாண்டற வரைக்கும் விஷம் சட்டையைக் கழட்டலை. சாயங்காலம் கழட்டுச்சு. அந்த நேரத்துல கையில இருந்தது மருமகளோட காபி."

"அந்த போன்?"

"காபியை யார் குடுத்தாங்கன்னு அந்தப் பொண்ணு வாயாலயே சொல்ல வைக்கத்தான். அண்ணனும் போனார், கம்பெனியில பங்கு கேக்கப் போற மருமகளும் போனாள்."

"இதெல்லாம் டாக்டரம்மாகூடச் செஞ்சிருக்கலாமே?"

"அதுக்குத்தான் உன்னைக் குடிக்க வச்சேன். பூட்டைத் திறந்ததும் சிவப்பு மூடி பாட்டில் காணோம்னு காலையிலயே இன்ஸ்பெக்டர் சொல்லிட்டார். அதனால நானே ஒண்ணு செஞ்சு வச்சேன். பாலும் சர்க்கரைத் தண்ணியும்."

"அடப்பாவமே! என்னை எலியா வச்சீங்களா?"

"எலிகிட்ட முன்னாடியே சொல்லிட்டா அது மூஞ்சி காட்டிக் குடுத்துடும். கேளு. நீ குடிச்சதும் டாக்டரம்மா பாட்டிலுக்காகப் பதறினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நீ எப்போ விழுவேன்னு கணக்குப் போட்டார். அதோட நெஞ்செரிச்சல் மாத்திரை! அது வயித்துல இருக்கிற புளிப்பைச் சாகடிக்கும். புளிப்பு போனா பாசிச் சட்டை அங்கேயே அவிழும். நீ அவர் கண் முன்னாடியே, அவர் இடத்துலயே சுருண்டு விழுவே. அதைத்தான் அவர் தடுத்தார். உன் மேல பாசம்னு நினைச்சியா?"

"கொஞ்சம் நினைச்சேன்" என்று ஒப்புக்கொண்டான் ஸ்பேனர். எரிச்சல் தாங்கவில்லை. பிதுக்கி வைத்திருந்த மாத்திரையை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டே சொன்னான்: "எதுக்கும் அடுத்த தடவை கொஞ்சம் பெரிய பாட்டிலா வைங்க அண்ணி. அந்தக் குட்டிச் சிவப்பு மூடி என் கடைவாய்க்குக் காணாது. நல்லவேளை, மேல் தட்டுல பெருசா ஒண்ணு இருந்துச்சு."

வைப்பர் திடீரென்று கண்ணாடியில் ஓட ஆரம்பித்தது. மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பிய அண்ணியின் முழங்கை அதன் சுவிட்சில் பட்டிருந்தது.

"என்ன மூடி?"

"வெள்ளை. இதோ" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

அண்ணி ஓங்கி அவன் வாயில் அறைந்தாள். மாத்திரை கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கார் ஒரு முறை பாதை மாறித் திரும்பியது.

"முழுங்கிட்டியா? முழுங்கிட்டியாடா?"

"பல்லையே முழுங்கியிருப்பேன் அண்ணி! என்ன ஆச்சு?"

"அவருக்கு என் சிவப்பு மூடி பாட்டிலைப் பத்தித் தெரியவே தெரியாது" என்றாள் அண்ணி. ஸ்பேனர் இதுவரை கேட்டிராத குரல் அது. "நீ கையில வச்சிருந்தது வெள்ளை மூடி. அதைப் பார்த்துத்தான் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நிஜ பாட்டிலைத் தூக்கிப் போட நேரமில்லாம போலீஸ் பூட்டிட்டாங்க. அதுக்கு முன்னாடி மூடியை மட்டும் மாத்தி, மேல் தட்டுல கும்பலோட நிக்க வச்சுட்டார். இன்னைக்கு எடுத்துடலாம்னு இருந்திருப்பார்."

ஸ்பேனருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. எது கொலைகாரனைக் காட்டிக் கொடுத்ததோ அதுவேதான் அவன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டது.

"அண்ணி."

"ஓட்டு."

"இனிப்பாத்தான் இருந்துச்சு."

"அதான்டா பயமே. கசந்திருந்தாத் துப்பியிருப்பே. ஆஸ்பத்திரிக்கு ஓட்டு."

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். ஊரில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகக் கோத்து அன்றைக்குத்தான் இழுத்து வந்தார்கள் போல. பெட்டிக்குப் பின் பெட்டியாகக் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சக்கரம் தண்டவாளத்தில் இடிக்கும்போதும் ஸ்பேனர் தன் வயிற்றுக்குள் ஒரு பொத்தான் கழல்வதாக உணர்ந்தான்.

"விரலை விட்டு வாந்தி எடு" என்றாள் அண்ணி.

அவன் சாலை ஓரத்தில் குனிந்து முயன்றான். கண்ணீர் வந்தது, இருமல் வந்தது. "என் வயித்துக்குள்ள போன எதுவும் திரும்பி வந்ததா சரித்திரமே இல்லை அண்ணி" என்றான் நிமிர்ந்து. சிரிக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

கேட்டருகில் பழச்சாறு விற்கும் தள்ளுவண்டி ஒன்று இருந்தது. அண்ணி இறங்கி ஓடினாள். அண்ணி ஓடி ஸ்பேனர் பார்த்ததே இல்லை. "சோடா வேணாம், உப்பு வேணாம், சர்க்கரை வேணாம்! வெறும் எலுமிச்சை. எத்தனை பழம் இருக்கோ அத்தனையும் பிழிங்க!" தள்ளுவண்டிக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே பிழிந்தார்.

"குடி. புளிப்பு இருக்கிற வரைக்கும் அது சட்டையைக் கழட்டாது."

குடித்தான். முகம் வற்றிப்போன ஊறுகாய் மாதிரி சுருங்கியது. நெஞ்சு நெருப்பாக எரிந்தது. பையில் மாத்திரைப் பட்டை இருந்தது. அதை எடுத்து அவனே ஜன்னல் வழியாக எறிந்தான்.

"என் தப்பு" என்றாள் அண்ணி, ரயிலைப் பார்த்தபடி. "நான் சொன்ன சொல்லை நீ கேப்பேன்னு நம்பினேன் பாரு, என் தப்பு. உங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அண்ணன் முதல்ல காருக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேப்பார். அதுக்குள்ள ஏதாவது யோசிச்சுக்கலாம்."

அவள் கை கியர் மேலிருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனருக்கு நிஜமாகப் பயம் வந்தது.

கடைசிப் பெட்டி கடந்தது. கேட் தூங்கி எழுந்தது போல மெல்ல நிமிர்ந்தது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்பதை விவரிக்க வேண்டாம். ஒரு குழாய் சம்பந்தப்பட்டது. பணியில் இருந்த டாக்டர் ஒரு பீப்பாயைக் காலி செய்வது போலக் காலி செய்தார். நடுவில் ஒரு முறை நிறுத்தி, "இந்த ஆள் மத்தியானம் எத்தனை பேரோட சாப்பாட்டைச் சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

"ஏன் டாக்டர்?"

"வயிறு இப்படி அடைச்சுக் கிடந்தா கீழ எதுவும் இறங்காது. எல்லாம் மேலேயே வரிசையில நிக்குது. வெறும் வயித்தோட குடிச்சிருந்தார்னா, இந்நேரம் அது குடலுக்குள்ள போயிருக்கும்."

ஸ்பேனர் குழாயோடு அண்ணியைப் பார்த்தான். பேச முடியாததால் புருவத்தால் பேசினான். அண்ணி வாழ்க்கையில் முதல் முறையாக அந்த விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். டாக்டரம்மா தலையில் வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தாள். கழுவி எடுத்ததை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்திருந்தார்கள். எலுமிச்சைப் புளிப்பில் இறுகிப்போய் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கிடந்தது. டாக்டரம்மா அதில் கொஞ்சம் எடுத்துக் கழுவி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் போட்டாள். வெள்ளை கரைந்தது. இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். பிறகு, யாரும் தடுப்பதற்குள், குச்சி நுனியை நாக்கு நுனியில் தொட்டாள்.

தொட்டதும் துப்பினாள். மூன்று முறை வாய் கொப்பளித்தாள். கண்ணில் நீர் வழிந்தது.

"இது என் வேர் இல்லை" என்றாள். "என் வேரோட கசப்பு எனக்குத் தெரியும். இது வேற. என் பைக்குள்ள, என் சட்டைக்குள்ள யாரோ..." வலைத்தொப்பியைப் பிடுங்கி எடுத்தாள். "ராத்திரி மெஷினை ஓட்டத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர்தான். நான். சின்னவர்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிச் சொறிந்துகொண்டார். "பெரியவர் வயித்துல சட்டை கழண்டு போய் விஷம் மட்டும்தான் கிடைச்சுது. இப்பத்தான் சட்டையோட கையில மாட்டியிருக்கு. ஆனா அண்ணி, இவங்கதான் செஞ்சாங்கன்னு அவர் சொல்வார். அவங்கதான்னு இவங்க சொல்வாங்க. மருமகளை வெளிய விடறதுக்கு இது போதும். ஆனா அவரைப் பிடிக்க..."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் அண்ணி. அவள் தன் போனை எடுத்து மேஜை மேல், எல்லோருக்கும் நடுவில் வைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் காபி குடித்த அதே சாயங்கால நேரம்.

தாழ்வாரத்தில் ஒரு தள்ளுகட்டில் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. ஸ்பேனர் கட்டிலில் சாய்ந்து, எரிகிற தொண்டையைத் தடவிக்கொண்டு, இந்நேரம் வீட்டில் இருந்திருந்தால் அம்மா அவனுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான். கப்பை அவன் கையில் கொடுத்திருப்பாள். அவன் குடித்திருப்பான். அப்புறம் அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

போன் அடித்தது.

அண்ணி ஸ்பீக்கரைப் போட்டாள். "சொல்லுங்க."

"அம்மா, நான் கம்பெனியிலருந்து சின்னவர் பேசறேன்." அதே பரிவு. அதே நலம் விசாரிக்கிற குரல். "ஒண்ணுமில்லை, சும்மாத்தான். உங்க கூட வந்த தம்பி சாம்பிளைக் குடிச்சிட்டாரே, மனசு கேக்கலை. வீட்டுக்குப் போயிட்டாரா?"

"வந்துட்டாரு."

"நல்லது, நல்லது. வந்து ஏதாவது குடிச்சாரா?" அண்ணி 'உம்' கொட்டினாள். "யாரும்மா குடுத்தது?"

மருமகள் அழுதுகொண்டே சொன்ன அதே வார்த்தைகள், ஒரு எழுத்து பிசகாமல் அறைக்குள் வந்து நின்றன. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

அண்ணி போனைக் கட்டிலில் இருந்தவனிடம் நீட்டினாள்.

"சார், நான்தான்" என்றான் ஸ்பேனர், கிழிந்த குரலில். "நெஞ்சு இன்னும் எரியுது. அந்த மாத்திரையை இப்பப் போட்டுக்கலாமா?"

மறுமுனையில் ஆய்வுக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.